அம்மாவின் செருப்பு உதிர்ந்துபோன காலை

2023 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். சேலை கட்டி, தலைவாரி, திருநீறு பூசிக்கொண்டு வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து அவருடைய வெளியே போகும் செருப்பை எடுத்து வைத்தேன். ஒரு தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது. மேலே பார்க்கப் புதிதுபோலவே இருந்தது. அம்மா காலை நுழைத்து எழுந்து இரண்டடி வைத்ததும் அடிப்பாகம் பிட்டுப் பிட்டாக உதிர்ந்தது. தரை முழுக்க ஈரக் கேழ்வரகு மாவைக் கொட்டியதுபோல் கறுப்புத் தூள்.

அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, சிலிப்பரே போதும்" என்றார்.

நம்மூர் பினாங்கின் ஈரத்துக்கு இந்த ரகச் செருப்பு போடாமல் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டும்போதுதான் கணக்குப் போட்டேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட்டுக்காக மலேசியா முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகு அம்மா வெளியே போனது தடுப்பூசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும். அதுவும் எண்ணி ஐந்தாறு தடவை, வீட்டுச் சிலிப்பரோடு, காரில் ஏற்றிக் காரில் இறக்கி. கட்டுப்பாடு தளர்ந்து எல்லோரும் பழையபடி திரிய ஆரம்பித்தும் அம்மா திரும்பவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

இத்தனைக்கும் அம்மா சும்மா உட்காரும் ஆள் இல்லை. இருபது வருஷம் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு மாலை கட்டியவர். விடியற்காலை பஸ் ஏறி, மதியத்துக்குள் மல்லிகை வாசத்தோடு வீடு திரும்புவார். வேலையை விட்ட பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில், அப்படியே மார்க்கெட் ஸ்திரீட்டில் காய்கறி, பழைய சிநேகிதிகளோடு நுரைக்க ஆற்றிய டீயான ஒரு தே தாரே. எந்த பஸ் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு வரும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும்.

"வயசாயிடுச்சு, அதான் வீட்டோட இருக்காங்க" என்று நாங்களே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. வயது காரணம் இல்லை. எங்கள் பிளாக்கிலேயே எண்பத்திரண்டு வயதில் தினமும் பசாருக்குப் போகிற சீனப் பாட்டி இருக்கிறார். அம்மாவுக்கு அப்போது எழுபத்தேழு. அவர் நின்றுபோனதற்குக் காரணங்கள் இருந்தன. ஒன்றல்ல, ஐந்தாறு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னது. அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை.

முதியவர்களின் நடமாட்டத்தை அளக்க அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தார் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். படுக்கையறை, அதைத் தாண்டி வீடு, வாசல், அக்கம்பக்கம், ஊர், ஊருக்கு வெளியே என்று வட்டங்களாகப் பிரித்து, கடந்த நான்கு வாரத்தில் எதுவரை போனீர்கள், எத்தனை தடவை, யார் துணையோடு என்று கேட்பார்கள். அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். 2017-இல் பத்துமலைக்கு பஸ்ஸில் போய் வந்தார். 2019-இல் ஊருக்குள் மட்டும். 2021-இல் மாடி நடைபாதை வரை. 2023-இல் வீட்டுக்குள்ளேயே பால்கனிப் பக்கம்கூடக் குறைவு. வட்டம் ஒவ்வொரு தடவை சுருங்கியபோதும் வீட்டில் யாராவது ஒருவர் "அதுவும் நல்லதுதான், பத்திரமா இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறோம்.

செருப்புச் சம்பவத்துக்குப் பிறகு நான் செய்த முதல் தப்பு, நேரடியாகக் கேட்டது. "ஏம்மா எங்கேயும் வரமாட்டேங்கிறீங்க?" என்று எத்தனை விதமாகக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "அலுப்பா இருக்கு. நீ போயிட்டு வா." இரண்டு மாதம் அப்படியே போனது.

வழி திறந்தது அரசாங்கக் கிளினிக்கில். சர்க்கரை பார்க்கப் போயிருந்தபோது அங்கிருந்த தமிழ்த் தாதி ஒருவர் வேறு மாதிரி கேட்டார். "கோயிலுக்குப் போற வழிய எனக்குச் சொல்லுங்கம்மா. கதவைப் பூட்டுறதுல இருந்து ஒவ்வொண்ணா." அம்மா உற்சாகமாக ஆரம்பித்தார். கதவு, கிரில், நடைபாதை... படிக்கட்டு என்றதும் குரல் இறங்கியது. லிஃப்ட் என்றதும் ஒரு நிறுத்தம். பஸ் நிறுத்தத்தைத் தாண்டிக் கதை நன்றாகப் போனது. கோயில் வாசலுக்கு வந்ததும் பேச்சு நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார். தாதி புரிந்துகொண்டு, "நீங்க போய் மருந்து எடுத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பிவிட்டார். பெற்ற மகளிடம் சொல்ல முடியாதது முன்பின் தெரியாத தாதியிடம் பத்தே நிமிஷத்தில் வெளியே வந்தது. உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் இதை முயன்று பாருங்கள். காரணத்தைக் கேட்காதீர்கள், வழியைக் கேளுங்கள். எந்த இடத்தில் குரல் இறங்குகிறது என்று பாருங்கள். சொல்லத் தயங்கினால் நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள்.

அம்மா என்னிடம் மறைத்தது சிறுநீர்.

கால் வீக்கத்துக்கு என்று அவருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை, ஃபுரோசமைட், கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் ஒன்று. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்ட ஆரம்பித்து, ஆறு மணி நேரம் வரை இழுத்துக்கொண்டிருக்கும். அம்மா கோயிலுக்குக் கிளம்புகிற நேரமும் அதுதான். 2019 ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. கோயில் போய்ச் சேர்வதற்குள் சேலை நனைந்துவிட்டது. தீட்டோடு உள்ளே போகக்கூடாது என்று வாசலிலிருந்தே கும்பிட்டுவிட்டு, பஸ்ஸில் உட்காராமல் கம்பியைப் பிடித்து நின்றபடியே வீடு வந்திருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது எனக்கு இடியாப்பம் பிழிந்து வைத்திருந்தார். எனக்கு எதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மாத்திரையை விட்டுவிட்டார். வியாழன் இரவிலிருந்து தண்ணீரும் குடிப்பதில்லை. கால் வீங்கியது. கிளினிக்கில் "மருந்து ஒழுங்கா சாப்பிடறதில்லையா" என்று அதட்டியிருக்கிறார்கள். மாத்திரையா கோயிலா என்று நின்றபோது, சொன்ன பேச்சைக் கேட்கிற நல்ல நோயாளியாக மாத்திரையைத் தேர்ந்தெடுத்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஐந்தே மாதத்தில் நடமாட்டக் கட்டுப்பாடும் வந்தது. வெளியே போகாமலிருக்க யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லாமல் போயிற்று.

இதை எழுத அம்மாவிடம் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எழுது. என்னை மாதிரி எத்தனை பேரு இருக்காங்களோ" என்றார்.

தாதி டாக்டரிடம் சொல்ல, அடுத்த தடவை டாக்டர் மருந்துப் பட்டியலை முதலிலிருந்து பார்த்தார். ரத்த அழுத்தத்துக்கு அம்மா சாப்பிட்டது அம்லோடிபின். அந்த மாத்திரையாலேயே சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அந்த வீக்கத்தைக் குறைக்க நீர் மாத்திரை, நீர் மாத்திரையால் ஓட்டம், ஓட்டத்தால் வீட்டுச் சிறை. ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து வந்து சேர்ந்திருந்தது. இதயத்திலும் சிறுநீரகத்திலும் கோளாறு இல்லை என்று சோதித்து உறுதி செய்துகொண்டு, அழுத்த மாத்திரையை மாற்றி, நீர் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறு வாரத்தில் வீக்கம் வடிந்தது. எல்லாருக்கும் இப்படி நிறுத்த முடியாது. இதயம் பலவீனமானவர்களுக்கு நீர் மாத்திரை உயிர்காப்பது, டாக்டரைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது. ஆனால் நிறுத்த முடியாதவர்களும், வெளியே போகிற நாளில் மட்டும் மாத்திரையைத் திரும்பி வந்த பிறகு சாப்பிடலாமா என்று கேட்கலாம். பல பேருக்கு டாக்டர் சரி என்பார். அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. டாக்டர் அம்மாவைப் படுக்கவைத்து அழுத்தம் பார்த்தார், பிறகு எழுந்து நிற்கவைத்து மூன்று நிமிஷத்துக்குள் மறுபடி பார்த்தார். படுத்திருக்கும்போது 148, நிற்கும்போது 122. மேல் எண் இருபதோ அதற்கு மேலோ இறங்கினால் எழுந்தவுடன் கண் இருட்டும், தலை சுற்றும், விழலாம். உட்காரவைத்து மட்டும் பார்த்த இத்தனை வருஷமும் இது சிக்கவில்லை. வீட்டில் அழுத்தக் கருவி வைத்திருப்பவர்கள் தாங்களே இப்படிப் பார்த்து எழுதிக்கொண்டு போகலாம்.

விழுந்ததும் இருந்தது. அதையும் அம்மா நான்கு வருஷம் கழித்துத்தான் சொன்னார். பட்டணத்துக் கடைவீதியின் ஐந்தடி நடைபாதை தெரியும்தானே, கடைக்குக் கடை உயரம் மாறும். ஒரு கடை ஓடு போட்டு உயர்த்தியிருக்கும், அடுத்தது அரையடி பள்ளம். வலது கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு அந்தப் பள்ளத்தின் விளிம்பு தெரியவில்லை. முழங்காலில் சிராய்ப்புதான். ஆனால் இரண்டு வாலிபர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கியதும், மாராப்பு விலகியதும், சுற்றி நின்றவர்கள் "தனியா எதுக்குப் பாட்டி வர்றீங்க" என்றதும்தான் அவர் மனதில் நின்றிருக்கிறது. காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. 2018-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் 60 வயது தாண்டிய மலேசியர்களில் சுமார் 14 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் விழுந்ததாகச் சொல்லியிருந்தார்கள். அம்மா மாதிரி வாய் திறக்காதவர்களையும் சேர்த்தால் எண் எங்கே போகும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

லிஃப்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெலுத்தோங் பக்கம் பழைய ஃபிளாட் எங்களுடையது. லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. 7-இல் நிற்கும், அப்புறம் 10-இல்தான். நாங்கள் இருப்பது 8-ஆம் மாடி. ஒரு மாடிதானே என்று எனக்குத் தோன்றியதே தவிர, அது பதினாறு படி என்று நான் எண்ணியதே இல்லை. அம்மா எண்ணியிருந்தார். முழங்கால் தேய்ந்தவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் இறங்கும்போது இடப்பக்கம் வருகிறது. அம்மாவுக்கு இடது தோள் தூக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்க அவர் பின்னாலேயே ஒரு தடவை இறங்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய பயம், கீழே போன பிறகு லிஃப்ட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது. நின்றும் இருக்கிறது, பல தடவை. நமக்கென்றால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவிடுவோம். முதியவர் கீழே மாட்டிக்கொண்டால் கழிவறை இல்லை, படுக்க இடமில்லை. ஏறிப்போக முடியுமா என்கிற சந்தேகம்தான் பாதிப்பேரை இறங்கவிடாமலே நிறுத்துகிறது. இதை எங்கள் பிளாக்கில் நான் பேசிப் பார்த்த ஐந்து முதியவர்களில் நான்கு பேர் சொன்னார்கள், தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று வித்தியாசமில்லாமல். பினாங்கு மாநில அரசிடம் குறைந்த விலை அடுக்குமாடிகளுக்கு 80 விழுக்காடு வரையிலான பராமரிப்பு நிதி இருக்கிறது. லிஃப்ட், கூரை, தண்ணீர்த் தொட்டி போன்ற வேலைகளுக்கு விண்ணப்பித்தால் செலவில் அந்தப் பங்கை அரசு ஏற்கும், மீதியைக் குடியிருப்பாளர்கள் போட வேண்டும். நிர்வாகக் குழு ஒழுங்காக இயங்கினால்தான் விண்ணப்பமே போகும். அதனால் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். நானும் பதினெட்டு வருஷம் போனதில்லை, இப்போது போகிறேன்.

இன்னொரு காரணம் எழுதக் கசப்பாக இருக்கிறது. அப்பா 2018-இல் இறந்தார். அடுத்த வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் குங்குமம் நீட்டிக்கொண்டிருந்த பெண், அம்மாவிடம் வந்ததும் தட்டைச் சற்று இழுத்துக்கொண்டு அடுத்தவரிடம் நீட்டினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா கையை ஏற்கெனவே நீட்டியிருந்தார். அந்தக் கையைத் தலைமுடியைச் சரிசெய்வதுபோல மேலே கொண்டுபோய்விட்டார். அதற்குப் பிறகு கல்யாணம், வளைகாப்பு, புதுமனை எதற்கும் "நீங்க போயிட்டு வாங்க" என்பதுதான். விதவைக்கு நாம் இன்னும் செய்துகொண்டிருக்கிற இந்த அநியாயத்தை எந்த டாக்டரும் மருந்துச் சீட்டில் மாற்ற முடியாது. இப்போது யார் அழைக்க வந்தாலும் "அம்மாவைப் பேர் சொல்லி அழையுங்க, முதல்ல அவங்களுக்குச் சந்தனம் கொடுங்க" என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் சிரித்து மழுப்புகிறார்கள். இதில் நான் இன்னும் ஜெயிக்கவில்லை.

கடைசியாக நாங்கள். மளிகைச் சாமானை நான் வாங்க ஆரம்பித்தேன். அண்ணன் சுங்கைப் பட்டாணியிலிருந்து வரும்போதெல்லாம் அரிசி, எண்ணெய் இறக்கிவிட்டுப் போவார். கோயில் பூஜையைக் கைப்பேசியில் நேரலையாகப் பார்க்கப் பழக்கினோம். மாத மருந்தை அம்மா போகாமல் நானே போய் வாங்கிக்கொண்டு வந்தேன். இது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் புரிந்தது. கிளினிக்கின் பெஞ்சுதான் அம்மாவுக்கு மிஞ்சியிருந்த கடைசிச் சந்திப்பு இடம். ஆயர் ஈத்தாமிலிருந்து வருகிற ஒரு பழைய சிநேகிதியை மாதம் ஒரு முறை அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன வருஷம் இறந்துவிட்டார் என்பதை அம்மா இந்த வருஷம் வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தார். அன்பால் செய்ததுதான் எல்லாம். ஒரு வேலையைப் பெரியவரிடமிருந்து வாங்கிக்கொள்ளும்போது, அந்த வேலையோடு எந்த மனுஷரும் எந்த நடையும் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டையை நாம் தூக்கலாம். கடைக்கு அவரும் வரட்டும்.

திரும்பக் கொண்டுவந்த கதை மெதுவானது. மாதக்கணக்கில் ஆனது.

முதலில் கால். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வந்தது. பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. அம்மா படுக்கையில் இல்லை, ஆனால் மூன்று வருஷம் நாற்காலியில். பிசியோதெரபி செய்பவர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார், முப்பது வினாடி. நான்கு தடவைதான் முடிந்தது. அந்த வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் குறைந்தால் விழும் ஆபத்து அதிகம் என்றார். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 24 வினாடி ஆனது. 12-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். இரண்டு சோதனையும் வீட்டிலேயே செய்யலாம், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

பயிற்சி என்று தனியாக நேரம் ஒதுக்கினால் அம்மா செய்யமாட்டார். அதனால் வேலையோடு ஒட்டினோம். அரிசி வேகும்போது அடுப்படித் திண்டைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது. தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்து உட்காருவது. சாப்பாட்டையும் மாற்றினோம். கஞ்சியும் ஊறுகாயுமாக ஓட்டிக்கொண்டிருந்தவருக்குத் தினம் இரண்டு முட்டை, பருப்பு, மீன். மூன்று மாதத்தில் முப்பது வினாடிக்கு ஒன்பது தடவை எழுந்தார். நடை 15 வினாடிக்கு வந்தது. இடையில் வலது கண்ணுக்குப் புரை அறுவை முடிந்தது. கட்டுப் பிரித்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "இந்தச் சுவரு இவ்வளவு அழுக்கா இருக்கே, யாரும் சொல்லலியா" என்று கேட்டார்.

கைத்தடிக்கு மட்டும் சம்மதிக்கவே இல்லை. நான் வாங்கிவைத்தது கதவுக்குப் பின்னால் இரண்டு மாதம் நின்றது. பிறகு பட்டர்வொர்த்திலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, ஃபெரி ஏறி வந்தார். கையில் தடி. அம்மாவைவிட மூன்று வயது சின்னவர். "அண்ணி, இது இல்லாம நான் எறங்கறதே இல்ல. பஸ்ஸுல சீட்டும் உடனே கிடைச்சிரும்லா" என்றார். அவர் போன மறுநாள் அம்மா தடியை எடுத்துப் பார்த்தார். மகள் சொல்வது உத்தரவு மாதிரி கேட்கும், ஒத்த வயசுக்காரர் சொல்வது தகவல். தடியின் உயரம் முக்கியம். கையைத் தொங்கவிட்டு நின்றால் பிடி மணிக்கட்டுக்கு நேராக வர வேண்டும். நான் வாங்கியது இரண்டு அங்குலம் உயரமாக இருந்தது, குறைத்தோம்.

படிக்கட்டில் இன்னொரு பக்கமும் கைப்பிடி போட நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேட்டோம். பொது இடத்தில் நாமாக ஆணி அடிக்கக்கூடாது. அனுமதி வர ஐந்து வாரம், வேலை ஒரே காலை. எட்டாவது படிக்குப் பக்கத்தில், திரும்புகிற மேடையில், யார் வழியையும் மறிக்காமல் ஒரு மடக்கு நாற்காலி. அது இப்போது அம்மாவுடையது மட்டும் அல்ல, மேல்வீட்டு அங்கிளும் உட்காருகிறார்.

முதல் வாரம் நடைபாதைக் கோடி வரை. இரண்டாவது வாரம் மேடை நாற்காலி வரை. நான்காவது வாரம் கீழே ஒட்டுக்கடையில் ஒரு கோப்பி. ஐந்தாவது வாரம், நாங்கள் கீழே இருக்கும்போதே லிஃப்ட் நின்றது. ஒன்றேகால் மணி நேரம். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. அதற்குப் பிறகு மூன்று வாரம் கதவைத் தாண்டவில்லை. அங்கேதான் பாடம் கிடைத்தது. தைரியம் சொல்லிப் பயனில்லை, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு முன்கூட்டியே பதில் வேண்டும். கீழ்த்தளத்தில் இருக்கிற மலாய்க்கார அம்மா, மக்சிக்கிடம் போய்ப் பேசினேன். லிஃப்ட் நின்றால் அம்மா அவர் வீட்டில் உட்காரலாம், கழிவறையைப் பயன்படுத்தலாம். மக்சிக் சிரித்துக்கொண்டே "இதைக் கேட்கணுமா" என்பதுபோல் மலாயில் ஏதோ சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு பிடிமானத்துக்குப் பிறகு அம்மா மறுபடி இறங்கினார். லிஃப்ட் அதற்குப் பிறகும் நின்றிருக்கிறது. அம்மா மக்சிக் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

கழிவறைக்கும் அப்படித்தான். எங்கெங்கே உட்காரும் ரகக் கழிவறை இருக்கிறது என்று நான் தனியாகப் போய்ப் பார்த்து மனதில் குறித்துவைத்தேன். குந்தும் ரகம் என்றால் அம்மாவுக்கு இல்லாததற்குச் சமம். பையில் ஒரு மாற்றுப் பாவாடை, உறிஞ்சும் துணி. அவை ஒரு தடவைகூடத் தேவைப்படவில்லை. பையில் இருப்பது தெரிந்ததே போதுமாக இருந்தது. கோயிலுக்கு முதலில் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் போகாமல், செவ்வாய் காலை பத்து மணிக்கு, கிராப் வாடகைக்கார் எடுத்துக்கொண்டு, கோயில் இருக்கிற பக்கமே இறங்கும்படி ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவைத்துப் போனோம். சாலையின் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டால் பயணமே பாழ்.

2024 தைப்பூசம் ஜனவரி 25. முதல்நாள் ரதம் புறப்படுகிற காலையில் டத்தோ கிராமாட் சாலையோரம் அத்தையும் அம்மாவும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தேங்காய் குவிக்கிற இடத்துக்கு அருகில் வேண்டாம் என்று முந்தின நாளே இடம் பார்த்துவைத்திருந்தேன். உடைத்த பிறகு சாலையெல்லாம் இளநீரும் சில்லுமாக வழுக்கும். 1894-இல் கப்பலில் வந்த வெள்ளி ரதத்தை அம்மா சிறுமியாக இருந்ததிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பார்த்தவர், இடையில் நான்கு வருஷம் போய்விட்டது. ரதம் வந்தபோது எழுந்து நிற்க உதவிக்குக் கை நீட்டினேன். அவர் தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

எல்லா வீட்டிலும் இது முடியாது என்று எனக்குத் தெரியும். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், மறதி நோய் முற்றியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பெராவாத்தான் டொமிசிலியாரி சேவை இருக்கிறது, 2014-இலிருந்து. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே வார்டில் கேளுங்கள். சமூகநல இலாகாவில் வீட்டுக்கு வந்து உதவும் தொண்டர் திட்டமும் உண்டு. நடக்க முடிகிறவர்களுக்கு அதே இலாகாவின் கீழ் பாவே எனப்படும் முதியோர் நடவடிக்கை மையங்கள் பல இடங்களில் நடக்கின்றன. அம்மா ஒரு தடவை போய்ப் பார்த்தார், அங்கே தமிழ் பேச ஆளில்லை என்று மறுபடி போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

சில வெள்ளிக்கிழமை இன்னமும் "இன்னிக்கு வேணாம்" என்பார். அப்போது வழியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்பேன். முட்டி வலியா, வெயிலா, மனசு சரியில்லையா என்று சொல்வார். மனசு என்றால் விட்டுவிடுவேன். அவருக்கும் வீட்டில் இருக்கத் தோன்றுகிற நாள் உண்டு.

புதுச் செருப்பு வாங்கியாயிற்று. பின்பக்கம் பட்டை உள்ளது, அடி தேய்ந்து வருகிறது. வியாழன் இரவு அம்மா சேலையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, "லிஃப்டு ஓடுதான்னு பாத்துட்டு வா" என்பார். நான் 7-ஆம் மாடிக்கு இறங்கிப் போய்ப் பொத்தானை அழுத்தி, கதவு திறந்து மூடுகிற வரை நின்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.